நெருக்கடித் தடுப்புப் பயிற்சி (கொதிக்கிற பையனைப் பேச்சால் தணிக்கவும், வேறு வழியில்லாதபோது மட்டும் பிடிக்கவும் சொல்லித்தருவது) முடித்துச் சிறார் இல்லத்துக்குள் வேலைக்குப் போனவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

நைட்டூட்டி
பயிற்சி எல்லாரும் எடுத்திருப்பீர்கள், கோபம் ஏறி இறங்கும் அந்த நான்கு படிகளை (பதற்றம், எதிர்ப்பு, ஆபத்தான நடத்தை, தணிவு) நான் விளக்கப் போவதில்லை. சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் தட்டைத் தூக்கி எறிந்தான். சொல்லிக்கொடுத்தபடியே போனேன்: நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில், உள்ளங்கை தெரிகிற மாதிரி. "நீ கோபமா இருக்கேன்னு புரியுது" என்றேன். அவன் முதலில் என் காலைப் பார்த்தான், அப்புறம் முகத்தை. "போன இல்லத்துலயும் இப்படித்தான் சைடா நின்னு இதையே சொன்னாங்க. அடுத்து 'உனக்கு ரெண்டு வழி இருக்கு'ன்னு சொல்வீங்க. சொல்லுங்க" என்றான்.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், தட்டை எடுத்து வைத்துவிட்டான். பதிவேட்டில் 'பேச்சிலேயே தணிந்தது' என்று எழுதினேன். தணித்தது நானா அவனா என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை. நாலு இல்லம் பார்த்து வந்த பையன்களுக்கு நம் பயிற்சி மனப்பாடம். வேறு யாருக்காவது இப்படி?

மூணாம்பிளாக்
எனக்கு வேறு மாதிரி. போனில் வீட்டாரிடம் பேசிய பையன். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள், இவன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நேரம் முடிந்தது, பின்னால் வரிசை நிற்கிறது. கூட வேலை பார்ப்பவர் ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். சரியாகிவிடும் என்றுதான் தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கதவருகே இருந்தவர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். வழக்கமாக எல்லாரும் செய்வதுதான், 'முடிச்சுக்கோ' என்று அர்த்தம். பையனின் தோள் இரண்டும் காதுவரை ஏறியதைப் பார்த்தேன். அடுத்த நொடி ரிசீவர் சுவரில். பயிற்சியில் குரல், பார்வை, தூரம் எல்லாம் வந்தது, சாவி மட்டும் வரவில்லை. இப்போது நான் கொத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டுதான் நடக்கிறேன்.

பழையவார்டன்
சாவி, பேச்சு, பக்கவாட்டு... உடைந்த கண்ணாடியைத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு ஒருவன் நின்றால் தரையில் உட்காருவீர்களா? எனக்கு முன்னால் நின்றான். கையைப் பிடித்து முறுக்கி வாங்கினேன், தையல் எனக்கு, அவனுக்கு ஒரு கீறல் இல்லை. அதற்கு என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள்! ஐநா 1990-இல் கொண்டுவந்த சிறார் விதிகளே, தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதைத் தடுக்கப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்கின்றன. நைட்டூட்டி தம்பி, உங்கள் பையன் தட்டோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம்.

வகுப்பறை
பழையவார்டன் சார், அதே விதியை முழுசாகச் சொல்லுங்கள். மற்ற வழி எல்லாம் தோற்ற பிறகு, விதிவிலக்காக, முடிந்த அளவு குறைந்த நேரத்துக்கு மட்டும் என்று இருக்கிறது. பணியாளர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. கண்ணாடியைப் பிடுங்கியதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பிடுங்கிய பிறகு எவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

நான் அங்கே பாடம் நடத்துபவள், காவல் வேலை இல்லை. நடைபாதையில் ஒருவனைக் குப்புறப் போட்டுப் பிடித்திருந்தார்கள். "மூச்சு முட்டுது" என்றான். முதுகில் முழங்கால் வைத்திருந்தவர், "பேசுறேல்ல, அப்ப மூச்சு வருது" என்றார். நர்ஸ் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். பையனைத் திருப்பியபோது உதடு நீலம். பிழைத்துக்கொண்டான்.

பேசுவதற்குக் கொஞ்சம் காற்று போதும். நெஞ்சு விரியாவிட்டால் உயிருக்கு அது போதாது. 2004-இல் இங்கிலாந்தில் ஒரு சிறார் மையத்தில் 15 வயதுப் பையனை மூன்று பேர் உட்கார்ந்த நிலையிலேயே முன்னால் வளைத்துப் பிடித்ததில் இறந்தான். அவனும் மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லியிருக்கிறான். பயிற்சியில் கற்றுக்கொடுத்து அனுமதித்திருந்த பிடி அது, அப்புறம்தான் நிறுத்தினார்கள். குப்புறப் போட்டால்தான் ஆபத்து என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ட்ரெய்னர்அண்ணன்
என் அனுபவம் சின்னது: ஒருவன் என் மேல் துப்பினான், துடைத்துக்கொண்டேன், முடிந்தது. ஆனால் எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான்காவது படி, தணிவு. கத்தல் ஓய்ந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம், உடம்பு அடங்க இன்னும் நேரமாகும். அதற்குள் ஒருவர் நோட்டோடு போய் "என்ன நடந்தது, சொல்லு" என்பார், பையன் மறுபடி முதல் படிக்கு ஏறுவான். தண்ணீர் கொடுங்கள், சும்மா இருக்க விடுங்கள், அறிக்கை பிறகு. பேசும்போது 'ஏன்' என்று தொடங்காதீர்கள், அது விசாரணை மாதிரி விழும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் நாலு கட்டளை போட்டால் எவன் கேட்பான்? முதலில் வேடிக்கை பார்ப்பவர்களை அப்புறப்படுத்துங்கள், பதினாறு வயதில் நண்பர்கள் முன்னால் பின்வாங்க யாராலும் முடியாது. பிடி தேவைப்பட்டால் ஒருவர் பிடிக்காமல் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்க்க வேண்டும். முடிந்ததும் பணியாளர்களும் உட்கார்ந்து பேச வேண்டும், பழி போட அல்ல. ஒரு தடவை படித்துச் சான்றிதழ் வாங்கினால் போதாது, புதுப்பிக்காவிட்டால் கை மறந்துவிடும். அப்புறம் தூக்கம் முக்கியம், இரட்டை ஷிஃப்ட் பார்த்தவரை...

நைட்டூட்டி
அண்ணா, நான் ஆலோசனை கேட்கவில்லை. யாருக்காவது இப்படி நடந்ததா என்றுதான் கேட்டேன்.

புதுசு
எனக்கு நடந்தது. 'ரெண்டு வழி' என்றதும் "மூணாவதா ஒண்ணு சொல்லுங்க" என்றான். நீயே சொல்லு என்றேன். ஜன்னல் பக்கம் படுக்கை கேட்டான். கொடுத்தோம். மறுநாள் ஜன்னல் படுக்கைக்கு ஒரு கூட்டமே நின்றது.

மூணாம்பிளாக்
ட்ரெய்னர் அண்ணா, வேடிக்கை பார்ப்பவர்களை அப்புறப்படுத்த ஒருவர், பேச ஒருவர், மூச்சைப் பார்க்க ஒருவர். ராத்திரி பிளாக்குக்கே நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் யார்?

பழையவார்டன்
இதில் மட்டும் மூணாம்பிளாக் சொல்வது சரி. வகுப்பறை டீச்சருக்கு: கண்ணாடி கைக்கு வந்ததும் விட்டுவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.