திரும்பப் பெற முடியாத முன்பணம் கட்டிய கப்பல் பயணத்தின் தேதியை மாற்ற வழி உண்டா?

செம்பூர்வாசி (ஜூலை 14)

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு இவ்வாண்டு அறுபது வயது நிறைவதை முன்னிட்டு, நாங்கள் இருவரும் மகனும் மருமகளுமாக நால்வர் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் சென்றுவர, மும்பை மாட்டுங்காவில் உள்ள ஒரு பயண ஏஜென்ட் வழியாகக் கடந்த மார்ச் மாதம் இரண்டு கேபின்களைப் பதிவு செய்தேன். நவம்பர் 21 அன்று புறப்பட்டு, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டு, ஐந்து இரவுகளுக்குப் பின் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணம் அது. ஆளுக்கு 250 டாலர் வீதம் 1,000 டாலருக்கு ஈடான தொகையை ரூபாயில் முன்பணமாகக் கட்டியிருக்கிறேன். 'நான்-ரீஃபண்டபிள் டெபாசிட்' என்ற வகையில் கட்டணம் சற்றுக் குறைவு என்று ஏஜென்ட் சொன்னதால், அப்போது யாருக்கும் எந்தத் தடையும் வராது என்ற நம்பிக்கையில் அதற்கே சம்மதித்துவிட்டேன்.

இப்போது வந்திருப்பது தடையல்ல, நல்ல செய்திதான். மருமகள் கருவுற்றிருக்கிறாள், மருத்துவர் கணக்குப்படி இன்றோடு 9 வாரங்கள் நிறைகின்றன, பிப்ரவரி 16 பிரசவத் தேதி. ஆனால் 24 வாரங்களை எட்டிய கர்ப்பிணிகளைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்று மகன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். ஏஜென்டிடம் கேட்டபோது, தேதியை மாற்றுவதாக இருந்தால் முன்பணம் முழுவதையும் விட்டுவிட்டுப் புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான் என்று தொலைபேசியிலேயே முடித்துவிட்டார். அவர் சொல்வது சரிதானா? அக்டோபருக்கு முன்தள்ளினால் மருமகளையும் அழைத்துச் செல்ல முடியுமா? விமான டிக்கெட் எதுவும் இன்னும் எடுக்கவில்லை.

முலுண்ட் கடலோடி (ஜூலை 14)

முதலில் வாழ்த்துகள் ஐயா. விமான டிக்கெட் எடுக்காமல் இருந்தீர்களே, அதுவே பாதி நிம்மதி.

நானும் என் கணவரும் ஏழெட்டு முறை கப்பலில் சென்றிருக்கிறோம்; இதே வகைக் கட்டணத்தில் பதிவு செய்து இரண்டு முறை தேதியும் மாற்றியிருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 'திரும்பக் கிடைக்காது' என்பது வேறு, 'மாற்ற முடியாது' என்பது வேறு. பயணத்தை ரத்து செய்தால் முன்பணம் கைக்கு வராது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். தேதியையோ கப்பலையோ மாற்றுவதற்குப் பல நிறுவனங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு மாற்றுக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, மீதியைப் புதிய பயணத்தின் முன்பணமாக வரவு வைக்கின்றன. ஆளுக்கு 100 டாலர் என்பது நான் கண்ட விகிதம். உங்கள் நிறுவனத்தில் அதுவேதானா என்பது உங்கள் பதிவோடு வந்த நிபந்தனைகளில்தான் இருக்கும்.

ஏஜென்ட் உங்களை ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். சில ஏஜென்டுகள் ஒரே பயணத்தில் இருபது, முப்பது கேபின்களைக் குழுவாக எடுத்து வைத்துக்கொண்டு பிரித்து விற்பார்கள். உங்கள் கேபின்கள் அந்தக் குழு ஒதுக்கீட்டைச் சேர்ந்தவை என்றால், அவற்றை வேறு தேதிக்கு நகர்த்துவது உண்மையிலேயே கடினம். குழுவுக்குத் தந்த விலை அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் உரியது. ஆகவே கப்பல் நிறுவனமே வெளியிட்ட உறுதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் தன் கடை முகப்பில் அச்சிட்டுத் தரும் இன்வாய்ஸ் போதாது. நிறுவனத்தின் சீட்டில் ஒவ்வொரு கேபினுக்கும் பதிவு எண், கட்டண வகை, மீதித் தொகையைக் கட்ட வேண்டிய கடைசி நாள் ஆகிய மூன்றும் இருக்கும். குழுவாக இருந்தால் அதுவும் குறிக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்று, நீங்களே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசினால், 'உங்கள் ஏஜென்டிடம் கேளுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்ட் வழியாகச் செய்த பதிவில் அவர் சொன்னால்தான் மாற்றுவார்கள் என்பதால், அவரைப் பகைத்துக்கொண்டு இந்தக் காரியம் நடக்காது.

சயான் மருத்துவர் (ஜூலை 14)

நான் மகப்பேறு மருத்துவர் அல்ல, பொது மருத்துவர். ஆனாலும் கப்பல் நிறுவனங்களுக்காகச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த பழக்கத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகன் படித்தது சரி. அதில் இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன. முதலாவது, வாரக் கணக்கைப் புறப்படும் நாளுக்கு மட்டும் பார்ப்பதில்லை; பயணத்தின் எந்த நாளிலும் வரம்பைத் தாண்டக் கூடாது, அதாவது இறங்கும் நாளைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது, '24-ஆவது வாரம்' என்பதும் '24 வாரங்கள் நிறைவு' என்பதும் ஒன்றல்ல. 23 வாரங்கள் நிறைந்த அன்றே 24-ஆவது வாரம் தொடங்கிவிடுகிறது. உங்கள் மருமகளுக்கு அக்டோபர் 20 அன்று 23 வாரங்களும், அக்டோபர் 27 அன்று 24 வாரங்களும் நிறைகின்றன. எந்தச் சொல்லாக இருந்தாலும் சிக்கல் வராதபடி, அக்டோபர் 20-க்கு முன்பே இறங்கிவிடும் பயணமாகப் பாருங்கள். நவம்பர் 21 அன்று 27 வாரங்களைத் தாண்டிவிடும் என்பதால் அந்தத் தேதிக்கு வாய்ப்பே இல்லை.

18 முதல் 20 வாரங்களுக்குள், அதாவது செப்டம்பர் இரண்டாம் பாதியில், குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பார்கள். அது முடிந்து அவருடைய மருத்துவர் சம்மதம் தெரிவித்த பிறகுதான் பயணத்தை உறுதி செய்வது முறை. நடுக்கடலில் கப்பலின் மருத்துவ அறையை நம்பி இருக்க வேண்டிய பயணம் இது என்பதை மறக்க வேண்டாம்.

செம்பூர்வாசி (ஜூலை 15)

இருவருக்கும் மிக்க நன்றி. இணையத்தில் பார்த்தேன், அதே கப்பல் அக்டோபர் 10 அன்று புறப்பட்டு 15 அன்று திரும்புகிறது. அப்போது 22 வாரங்கள்தான் நடந்திருக்கும். ஸ்கேனும் முடிந்திருக்கும். கேபின்களும் இருக்கின்றன. மாற்றுக் கட்டணம் போனாலும் போகட்டும் என்று அதற்கே மாற்றிவிடலாமா?

முலுண்ட் கடலோடி (ஜூலை 15)

அவசரப்படாதீர்கள் ஐயா. நாள்காட்டியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஐந்து இரவுகளோ அதற்கு மேலோ உள்ள பயணங்களுக்கு மீதித் தொகை முழுவதையும் புறப்படும் நாளுக்கு 90 நாள்களுக்கு முன் கட்டிவிட வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. உங்கள் நவம்பர் 21 பயணத்துக்கு அந்தக் கெடு ஆகஸ்ட் 23. அக்டோபர் 10 பயணத்துக்கோ அது ஜூலை 12 அன்றே கடந்துவிட்டது! அந்தத் தேதிக்கு மாற்றிய மறுநொடியே நால்வருக்குமான முழுத் தொகையையும் கட்டச் சொல்வார்கள். அதோடு, ரத்து செய்தால் மொத்தக் கட்டணத்தில் ஒரு பகுதி பிடிக்கப்படும் காலத்துக்குள்ளும் நீங்கள் நுழைந்துவிடுவீர்கள். நாள் நெருங்க நெருங்க அந்தப் பகுதி கூடிக்கொண்டே போய், இறுதி வாரங்களில் முழுத் தொகையும் கைவிட்டுப் போகும்.

செப்டம்பர் ஸ்கேனில் மருத்துவர் 'பயணம் வேண்டாம்' என்று சொன்னால் நிலைமை என்ன? இன்று 1,000 டாலரில் நிற்கும் இழப்பு, அன்று பயணச் செலவின் பெரும்பகுதியாகிவிடும். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். கர்ப்பம் சார்ந்த காரணங்களைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், தேதியை முன்னே இழுக்காமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதே நல்லது.

தள்ளும்போதும் ஒரு வரம்பு உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை. கரையைத் தொடாமல் பல நாள்கள் தொடர்ந்து செல்லும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். பிப்ரவரி 16 அன்று பிறந்தால் ஆகஸ்ட் 16 அன்று ஆறு மாதம். பேரக்குழந்தை சில நாள் தாமதித்து வந்தாலும் இடிக்காதபடி, அக்டோபருக்குப் பிந்தைய தேதியாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால், ஒரே முறையில் சரியான தேதியைப் பிடித்துவிட வேண்டும்.

காட்கோபர் தமிழன் (ஜூலை 15)

எதற்கு இவ்வளவு பணிவு? சேவையே தராமல் முன்பணத்தை விழுங்குவது சட்டப்படி செல்லாது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள், தானாக வழிக்கு வருவார்கள்.

கிங்ஸ் சர்க்கிள் கணக்கர் (ஜூலை 15)

நண்பரின் கோபம் புரிகிறது. ஆனால் வரிசை தவறுகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கு இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறியதால் மறுதரப்புக்கு ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்தாத அளவில் அபராதம் விதிப்பதும் அதில் அடங்கும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்; சேவைக் குறைபாடு போன்ற மற்றப் புகார்களை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மாவட்டத்தில் புகார்க் கட்டணமும் இல்லை. அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் குறைந்த கட்டணத்துக்காகவே இந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். நிறுவனத்திடம் எழுத்துமூலமாகக் கேட்டு, அவர்கள் எழுத்துமூலமாக மறுக்காத நிலையில் வழக்கு என்று பேசுவதில் பொருளில்லை. இதுவரை ஏஜென்டின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லையே.

ஐயா, உங்கள் இன்வாய்ஸில் டிசிஎஸ் (பணம் வாங்குபவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடிக்கப்பட்டிருந்தால், அதை இழப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஏஜென்ட் அதை உங்கள் பான் எண்ணில் செலுத்தியிருந்தால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஏஜென்டின் சேவைக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது எந்த மாற்றத்திலும் திரும்ப வராது.

செம்பூர்வாசி (ஜூலை 17)

நேற்று நேரில் சென்று, குரலை உயர்த்தாமல், நிறுவனத்தின் உறுதிச் சீட்டைக் கேட்டேன். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னவர், நான் நாற்காலியை விட்டு எழாததைக் கண்டு அங்கேயே அச்செடுத்துக் கொடுத்தார். கேபின்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு எண்கள் இருக்கின்றன. குழு என்ற குறிப்பு எங்கும் இல்லை. கட்டண வகை 'நான்-ரீஃபண்டபிள் டெபாசிட்'. கடைசி நாள் நீங்கள் கணக்கிட்டபடியே ஆகஸ்ட் 23. மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், மீதித் தொகைக்கான கெடுவுக்கு முன் தேதியை மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் பிடிக்கப்படும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அந்த வரியைக் காட்டியபோது, ரத்து செய்யச் சொல்வதாகத்தான் நினைத்தேன் என்றார். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தனித்தனி எண்கள் என்பதால், எங்கள் கேபினை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைகளின் கேபினை மட்டும் மாற்றினால் செலவு பாதியாகும் என்று மகன் சொன்னான். ஏழு மாதக் கர்ப்பிணியை இங்கே விட்டுவிட்டு நான் கப்பலில் ஏறி விருந்து சாப்பிடவா என்று என் மனைவி கேட்டாள். ஆகவே இரண்டு கேபின்களும் அடுத்த ஆண்டு நவம்பர் 20-க்குப் போகின்றன. மாற்றச் சொல்வதற்கு முன் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

முலுண்ட் கடலோடி (ஜூலை 17)

அம்மாவின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

கவனிக்க வேண்டியது கேபினின் கொள்ளளவு. கைக்குழந்தைதானே என்று நினைக்காதீர்கள். கப்பலில் உயிர்காப்புப் படகின் இடக் கணக்கில் குழந்தையும் ஓர் ஆள். இருவர் மட்டும் தங்கக்கூடிய கேபினில் குழந்தையை மூன்றாவதாகச் சேர்க்க முடியாது. ஆகவே மகனுக்கு மூவர் தங்கும் கேபினை இப்போதே கேளுங்கள். பிறக்காத குழந்தையின் பெயரைப் பதிய முடியாது என்றாலும், மூன்றாம் இடத்தைத் தற்காலிகமாகக் குறித்து வைக்கச் சில நிறுவனங்கள் சம்மதிக்கின்றன. உங்கள் நிறுவனம் சம்மதிக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்பதால், அதில் பெயர் சேர்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

புதிய தேதியின் கட்டணம் அன்றைய விலையில்தான் கணக்கிடப்படும்; மார்ச் மாதச் சலுகை கூடவே வராது. மாற்றிய பிறகும் அந்த முன்பணம் திரும்பப் பெற முடியாததாகவே தொடரும்.

செம்பூர்வாசி (ஜூலை 22)

மாற்றம் முடிந்து, திருத்திய உறுதிச் சீட்டுகள் இன்று காலை வந்துவிட்டன. 1,000 டாலரில் 400 பிடிக்கப்பட்டு 600 வரவு வைக்கப்பட்டிருக்கிறது. குறைந்த 400-ஐயும், பேரக்குழந்தைக்கான மூன்றாம் இடத்தின் முன்பணத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். கட்டணம் பழையதைவிட ஆளுக்கு ஏறக்குறைய 60 டாலர் கூடுதல். மகனுடைய சீட்டில் மூன்றாவது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் குடும்பப் பெயர் மட்டும் இருக்கிறது. மீதித் தொகைக்கான கெடு அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 22. அதற்கு ஒரு வாரம் முன்பே எனக்கு நினைவூட்டும் பொறுப்பை மருமகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.