மாரிக்கு முந்தி: உங்கள் வீட்டில் காலாவதித் திகதி பார்ப்பது யார்?

நாவற்குடாவிலிருந்து:
புரட்டாதி பிறந்துவிட்டது. 1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளியைக் கண்ட அம்மா வீட்டில் இருப்பதால், மாரிக்குச் சாமான் சேர்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. மூடியுள்ள பெயின்ற் வாளி ஒன்றில் மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, அவல், சீனி, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்), பனடோல், டோர்ச் எல்லாம் எப்போதும் இருக்கும். பற்றரியை மட்டும் டோர்ச்சுக்குள் போட விடமாட்டா. ஒருமுறை அது உள்ளேயே கசிந்து, வில்லுக் கம்பியில் பச்சை பூத்துப்போனதாம். சேர்க்க ஆள் இருக்கு. அதில் எதன் திகதி எப்போது முடியும் என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. நான் இப்போது நவராத்திரித் துப்பரவோடு வாளியையும் கவிழ்த்துப் பார்க்கிறேன். உங்கள் வீட்டு வழக்கம் என்ன?

சாய்ந்தமருதிலிருந்து:
எங்கள் வீட்டில் பிரச்சினை வாப்பாவின் இன்சுலின்தான். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதி வெள்ளத்துக்குள் போன அந்தக் கிழமை எங்களுக்குக் கரண்டும் இல்லை. பிரிட்ஜ் சும்மா அலுமாரி மாதிரி நின்றது. வாப்பா பெட்டியைத் தூக்கிக் காட்டி, "திகதி அடுத்த வருசம்தானே புள்ள, ஏன் பதறுறாய்?" என்றார். அந்தத் திகதி 2 முதல் 8 பாகை குளிரில் வைத்தால்தான் செல்லும். வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலான வகைகளுக்கு நாலு கிழமைதான் கணக்கு. அதுவும் வெயில் படாத இடத்தில். பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் பொலித்தீனில் சுற்றிய போத்தல், மேலே ஈரத்துணி. உம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தா. பிரிட்ஜ் குளிர் வராது, ஆனால் சூடேறாது. ஐஸ்கட்டிக்கு மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலினைப் பிறகு எதற்கும் எடுக்கக்கூடாது. இப்போது போத்தலை வெளியே எடுத்த நாளையே லேபலில் பேனையால் எழுதிவிடுகிறோம்.

படுவான்கரையிலிருந்து:
எங்கள் பக்கம் அரிசிக்குக் கவலையில்லை, வீட்டில் நெல் மூட்டை கிடக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்களுக்கு இல்லாமல் போனது மண்ணெண்ணெயும் மிளகாய்த்தூளும் குடிதண்ணீரும். அதனால் டின்மீன், பருப்பு எல்லாம் தனியாகப் பூட்டி வைப்பதில்லை. மார்க்கர் பேனையால் டின் மூடியில் மாதமும் வருடமும் பெரிதாக எழுதி, பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் அடுக்குவோம். சமையலுக்கு முன்னால் இருப்பதை எடுத்தால் அன்றைக்கே ஒன்று வாங்கிப் பின்னால் வைக்க வேண்டும். இந்த வேலை மகளுடையது, அவளை ஏய்க்க முடியாது! மூடி உப்பியிருந்தால் திகதி என்னவென்றாலும் வீசிவிடுங்கள்.

கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைச் சிலர் வாங்கி வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். பையைத் திறந்தால் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். மணம் இருக்கிறது என்று நம்பி அள்ளிப் போடுவதை விட, தண்ணீர் வடிந்ததும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைக் கூப்பிடுவது நல்லது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து (தாதி):
வாட்டில் நான் அடிக்கடி காண்பது வெட்டிய மாத்திரைக் கார்ட். மருந்துக்கடையில் பத்தில் நாலை வெட்டிக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். திகதி அடித்த ஓரம் கடையிலேயே நின்றுவிடும். மறுகா வீட்டில் எந்த மாத்திரை, எந்த வருடம் என்று ஒருவருக்கும் தெரியாது. திகதியைப் பார்த்து உறையில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், எழுதித் தருவார்கள். மாதமும் வருடமும் மட்டும் அடித்திருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரைக்கும் பாவிக்கலாம்.

கண்ணுக்கு விடும் மருந்து திறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பிள்ளைகளின் அன்டிபயோட்டிக் பாணியை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்கவே வேண்டாம். ஜீவனி கரைத்தால் 24 மணித்தியாலம்தான். பக்கெற்றுக்குள் தூள் கட்டிபட்டு நிறம் மாறியிருந்தால் அதைக் கரைக்காதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:
பார்க்கவேண்டியவற்றில் காஸ் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் பக்கம் வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். நான் போனில் செப்டெம்பர் முதலாம் திகதிக்கு அலாரம் வைத்திருக்கிறேன், வருடாவருடம் தானாகவே அடிக்கும்.

நாவற்குடாவிலிருந்து:
தாதி அக்கா, நன்றி. அம்மாவின் உறைகளைக் கொட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் திகதியே இல்லை. காலாவதியான சமபோஷ சத்துமாவைக் கோழிக்குப் போடலாமா என்று கேட்கிறா.

படுவான்கரையிலிருந்து:
புழு, பூஞ்சணம் இல்லாவிட்டால் போடுங்க அக்கா. நாங்கள் போடுவோம், கோழி திகதி கேட்பதில்லை.