ஐஸ் டீ கலங்கினால் கலப்படமா?

குன்னூர்க்காரன்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார்: "ஃப்ரிட்ஜில வச்ச டீ கலங்கினா அது கலப்படத் தூள், கொட்டிடுங்க"ன்னு. படிச்சதிலிருந்து வயிறு எரியுது. முப்பது வருஷமா எங்க குடும்பம் கொழுந்து கிள்ளிப் பிழைக்குது. சூட்டுல கரைஞ்ச காஃபீனும், டீக்குத் துவர்ப்பு தர்ற பாலிஃபீனாலும் டிகாஷன் ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பிரியும். அதுதான் கலங்கல். டிகாஷன் கெட்டியா இருந்தா இன்னும் கலங்கும். அந்த டம்ளர்ல கொஞ்சம் கொதிநீர் ஊத்துங்க, தெளிஞ்சிடும்.

சுத்தம்_முக்கியம்:
எழுதினது நான்தான். பக்கத்து வீட்டுத் தூளையும் என் தூளையும் ஒரே அளவு போட்டுப் பார்த்தோம். அவங்களுது கண்ணாடி மாதிரி, என்னுது புதுவெள்ளம் மாதிரி. கண்ணால பார்த்ததைப் பொய்னு சொல்லாதீங்க.

குன்னூர்க்காரன்:
தண்ணியும் ஒண்ணா?

சுத்தம்_முக்கியம்:
அவங்க கேன் தண்ணி, நான் போர் தண்ணி. கலப்படத்துக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?

குன்னூர்க்காரன்:
அதான் சம்பந்தமே! போர் தண்ணில கால்சியம் அதிகம், கலங்கலும் அதிகம். சூடா இருக்கும்போதே மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம் மிதந்திருக்குமே? கலப்படம் பார்க்கணும்னா வடிதாள்ல தூளைத் தூவித் தண்ணி தெளிங்க, சாயம் தனியா கறையாத் தெரியும். ஐஸை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

ஹட்டன்_தம்பி:
கொதிக்க வைக்கிறதாலதான் இவ்வளவு சண்டை. ஒரு லீட்டர் பச்சத்தண்ணியில பத்து கிராம் இலை போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜில வைங்க. எட்டு மணித்தியாலம் கழிச்சு வடிச்சா தெளிவா இருக்கும், கசப்பும் குறைவு.

குன்னூர்க்காரன்:
அது டீ இல்ல தம்பி, ஊறல் தண்ணி. நல்ல நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை, அதாவது பொடியாக்காம இலையாவே சுருட்டிப் பதப்படுத்தினது, வாங்கினா கொதிநீர்ல போட்டாலும் கலங்காது. ஐஸ் டீக்குன்னே அமெரிக்காவுக்குப் போற இலை எங்களுது.

ஹட்டன்_தம்பி:
எல்லா டீயும் கலங்கும்னு முதல்ல சொன்னீங்க. இப்ப உங்க டீ மட்டும் கலங்காதா?

குன்னூர்க்காரன்:
குறைவாக் கலங்கும்னு அர்த்தம். டஸ்ட்னு விக்கிற பொடித்தூள் வேற, இலை வேற.

டிகாஷன்_தாஸ்:
சிக்கரி விவாதத்துலயும் இவர் இப்படித்தான் நடுவுல பேச்சை மாத்தினார், நான் மறக்கல. அமெரிக்கான்னதும் ஞாபகம் வருது, ஐஸ் டீ பிறந்ததே 1904 செயின்ட் லூயி கண்காட்சியிலதான்.

ஹட்டன்_தம்பி:
தப்பு. 1879லயே வர்ஜீனியா சமையல் புத்தகத்துல செய்முறை இருக்கு. கண்காட்சியில பிரபலமாச்சு, அவ்வளவுதான்.

டிகாஷன்_தாஸ்:
புத்தகத்துல இருந்தா ஆச்சா? ஊரே குடிச்சது 1904ல.

குன்னூர்க்காரன்:
வருஷத்தை விடுங்க. சிக்கரியில நான் சொன்னதுதான் சரி, அது வேற கதை. சீனியைச் சூட்டுலயே கரைங்க, ஐஸ்ல கரையாம அடியில தங்கும். ஐஸ் உருகி நீர்த்துப்போகும்னு தூளை இரட்டிப்பாப் போடுங்க. நாலு நிமிஷத்துல வடிச்சிடுங்க. உடனே ஃப்ரிட்ஜில திணிக்காம வெளியில ஆற விட்டா கலங்கல் குறையும்.

சுத்தம்_முக்கியம்:
இவ்வளவு பாடம் எதுக்கு? நல்ல தூள்னா கலங்காது. நாளைக்கு அந்தக் கடைக்குப் போய்ப் பாக்கெட்டை மூஞ்சிலயே வீசப்போறேன்.

குன்னூர்க்காரன்:
கொதிநீர் ஊத்தினீங்களா இல்லையா?

சுத்தம்_முக்கியம்:
ஊத்தினேன்.

குன்னூர்க்காரன்:
தெளிஞ்சதா?

சுத்தம்_முக்கியம்:
தெளிஞ்சது. சாயமும் சூட்டுல கரையத்தானே செய்யும்!

குன்னூர்க்காரன்:
ஐயோ! வடிதாள் எடுங்க முதல்ல.