ஒட்டோ என்ற பெயர் உங்களுக்கு எங்கே அறிமுகமானது?

மாக்டெபுர்க்கிலிருந்து:

ஜெர்மனியில் இந்த ஊருக்கு மேற்படிப்புக்கு வந்த நாளிலிருந்து ஒட்டோ என்ற பெயர் என்னை விடவில்லை. படித்த இடம் ஒட்டோ ஃபொன் கேரிக்கே பல்கலைக்கழகம். ஊரே தன்னை 'ஒட்டோஷ்டாட்', அதாவது ஒட்டோவின் நகரம், என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எந்த ஒட்டோ என்று கேட்டால் இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் 936இல் ஆஹனில் மன்னராக முடிசூடி, 962இல் ரோமில் பேரரசரான முதலாம் ஒட்டோ. இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தவர்தான்: இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்த கேரிக்கே. அவர் இந்த ஊரின் மேயர். 1631இல் படைகள் புகுந்து ஊரைச் சூறையாடி எரித்தபோது உயிர் தப்பி, பிறகு அதைத் திரும்பக் கட்டுவதில் பொறியாளராக நின்றவர். சோதனையைப் பாடத்தில் படித்தோம், இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

பேரரசரின் கல்லறை இங்குள்ள பேராலயத்தில் இருக்கிறது. இத்தனை பெரிய பெயருக்கு எவ்வளவு எளிமை என்று தோன்றும். ஒரு கல்பெட்டி, மேலே பழைய பளிங்குப் பலகை, அவ்வளவுதான்.

உங்களுக்கு இந்தப் பெயர் எங்கே அறிமுகமானது? சொல்லுங்கள்.

ஹனோவர் பக்கமிருந்து, செவிலியர்:

தம்பி, நீங்கள் பேரரசரைப் பார்த்தீர்கள். நான் பார்த்த ஒட்டோ வேறு. முதியோர் இல்லத்தில் வேலை. ஒருநாள் காலை ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக, "எனக்கு ஃப்ளோட்டர் ஒட்டோ" என்றார். மொழி வகுப்பில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை. என்ன பாட்டி என்று கேட்டதும் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கழிவறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். வேகக்கார ஒட்டோ என்றால் வயிற்றுப்போக்கு! அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இப்படிச் சொல்வார்களாம். நம்மூரில் 'வயிறு சரியில்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வோமே, அந்த மாதிரி. அன்று முழுக்க உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு மடக்காகக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அந்தப் பாட்டி என்னை நம்பி அதைச் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

ஷ்டுட்கார்ட்டிலிருந்து, வண்டி மெக்கானிக்:

எங்கள் பட்டறையில் தினமும் ஒட்டோதான். இங்கே பாடப் புத்தகத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு 'ஒட்டோமோட்டோர்' என்று பெயர். டீசலுக்கு ருடோல்ஃப் டீசல் என்றால், இதற்கு நிக்கோலவுஸ் ஒட்டோ. 1876இல் கொலோன் நகரை ஒட்டிய டொய்ட்ஸில் நான்கு வீச்சு எஞ்சினை ஓடவைத்தவர். உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியே தள்ளு. பல்சரைப் பிரித்துப் போட்டாலும் இதே நாலு வேலைதான். பிற்பாடு 1886இல் அவருடைய காப்புரிமை செல்லாது என்று ஆகிவிட்டது. ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தத் தத்துவத்தை முன்பே எழுதிவைத்திருந்தார். உரிமை போனாலும் பெயர் நின்றுவிட்டது பாருங்கள்.

இவருக்கு ஒட்டோ என்பது குடும்பப் பெயர். ஆளுக்கு வைத்த பெயர் அப்பன் பெயராகி, பிறகு குடும்பத்துக்கே நிலைத்துவிடுவது இங்கே சகஜம்.

ஹாம்பர்க்கிலிருந்து:

தொலைபேசியில் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது 'ஒட்டோவில் வரும் ஓ' என்று சொல்லித்தான் பழக்கம். எந்த எழுத்துக்கு எந்தப் பெயர் என்று இங்கே ஒரு பட்டியல் உண்டு. 2022இல் அந்தப் பட்டியலை மாற்றி ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டார்கள், இப்போது ஓவுக்கு ஒஃபென்பாஹ். ஆனாலும் மறுமுனையில் இருப்பவர் இன்னும் "ஒட்டோவா?" என்றுதான் கேட்கிறார். இந்தப் பட்டியலுக்கு ஒரு கசப்பான பின்னணியும் உண்டு. 1934இல் நாஜிகள் டாவிட், சாமுவேல் போன்ற யூதப் பெயர்களை அதிலிருந்து தூக்கி எறிந்தார்கள். ஒட்டோவை யாரும் தொடவில்லை.

அப்புறம், செய்தியில் விலைவாசி என்றால் 'ஒட்டோ நோர்மால்ஃபெர்பிராவுஹர்' வந்துவிடுவார். சராசரிக் குடிமகன் என்று பொருள். போருக்குப் பிந்தைய ரேஷன் அட்டைக் காலத்தில், 1948இல் வந்த ஒரு படத்தின் நாயகனுக்கு வைத்த பெயர் அது.

மாக்டெபுர்க்கிலிருந்து மறுபடியும்:

அக்கா, உங்கள் பாட்டி கதையைப் படித்துவிட்டு இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மன்னனுக்கும் இதே பெயர், ரேஷன் கடை வரிசையில் நிற்பவனுக்கும் இதே பெயர், வயிற்றுக்கோளாறுக்கும் இதே பெயர். வேறெந்த ஜெர்மன் பெயருக்கும் இப்படி ஒரு வீச்சு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேர் எது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பழைய ஜெர்மானிய மொழிகளில் 'ஓட்' என்றால் செல்வம், உடைமை. ஒட்மார், ஒட்ஃப்ரீட் போன்ற நீளமான பெயர்களைச் சுருக்கிக் கூப்பிட்டதுதான் ஒட்டோ. இத்தாலிக்குப் போய் ஒட்டோனே ஆனது, பழைய பிரெஞ்சில் ஓடோன். கடலைத் தாண்டினால் அதே வேர் ஆங்கிலத்தில் எட்வர்ட், எட்மண்ட், எடித் என்ற பெயர்களின் தொடக்கத்தில் நிற்கிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. பேரரசர் ஒட்டோவின் முதல் மனைவி பெயர் எடித், இங்கிலாந்து இளவரசி, 946இல் இறந்தவர். அவருடைய கல்லறையும் இதே பேராலயத்தில்தான். வெறும் நினைவுச் சின்னம் என்று நினைத்திருந்ததை 2008இல் திறந்தால் உள்ளே ஈயப் பெட்டி, அதில் எலும்புகள். பற்களைச் சோதித்து, சிறுவயதில் தென் இங்கிலாந்தில் வளர்ந்தவர்தான் என்று 2010இல் உறுதி செய்தார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒரே வேர். வெவ்வேறு நாட்டுப் பெற்றோர் அவரவர் மொழியில் வைத்த பெயர்கள் அவை.

இன்னொன்று, ஒட்டோமான் பேரரசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது உஸ்மான் என்ற பெயரிலிருந்து வந்தது. நவீன கிரேக்கத்தின் முதல் மன்னர் ஒட்டோ மட்டும் அசல் ஜெர்மன் ஒட்டோதான். பவேரிய அரச குடும்பத்தின் பிள்ளை, 1862இல் அரியணையை இழந்தவர். ஏதென்ஸ் போகிறவர்கள் சின்டாக்மா சதுக்கத்தை ஒட்டிய ஒத்தோனோஸ் தெருவில் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.