ராகி போடறதை நிறுத்தினா யானை வராதாம்!

அஞ்செட்டி விவசாயி: நேத்து இங்கே ஒருத்தர் எழுதினது: "காவிரி தெற்கு சரணாலயம் வந்தாச்சு. காட்டோரத்துல ராகி போடறதை நிறுத்தினா யானை தானா உள்ளயே இருந்துக்கும்." மானாவாரி நிலத்துல வேற என்னத்தைப் போடறது? ரோஜாவா?

ஓசூர் பறவைப் பிரியன்: எழுதினது நான்தான். 2022 நவம்பர்ல கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காட்டுல 686 சதுர கி.மீ.யைச் சரணாலயமா அறிவிச்சாங்க. காவிரி வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகா பக்கத்துக் காட்டையும் சேர்க்கற இடம். அவ்ளோ காடு இருந்தும் வெளியே வருதுன்னா ராகிதான் காரணம்.

அஞ்செட்டி விவசாயி: கர்நாடகாவோட பன்னேர்கட்டா காட்டுல இருந்து ஜவளகிரி வழியா யானை எங்க தாத்தா காலத்துலயே வந்துச்சு. அப்பவும் ராகிதான். பரண்ல இருந்து தகரம் தட்டினா திரும்பிடும். இப்ப அது போற வழியெல்லாம் லேஅவுட். ராகியா லேஅவுட் போட்டுச்சு?

ஓசூர் பறவைப் பிரியன்: லேஅவுட் பேச்சு எதுக்கு? ராகிக்குப் பதில் சொல்லுங்க.

அஞ்செட்டி விவசாயி: சொல்றேன். யானை ராகி திங்கறதைப் பார்த்திருக்கீங்களா? கொத்தா வேரோட புடுங்கி, முன்னங்கால்ல தட்டி, மண்ணை உதிர்த்துட்டுத்தான் வாயில போடும். விடிஞ்சா பாதி கழனி காலி. இழப்பீடு கேட்டா அடங்கல் (பயிர்க் கணக்கு) கொண்டா, போட்டோ கொண்டான்னு அலைய விடறாங்க.

பென்னாகரத்தான்: அண்ணா, காட்டுக்குள்ள உண்ணிச்செடி மூடிக் கிடக்கு, கீழே புல்லே இல்ல. எத்தனை சதுர கி.மீ. அறிவிச்சு என்ன? யானையை உள்ளேயே வைக்க உள்ளூர்ல திட்டம் போடறதுன்னா முதல்ல அந்த உண்ணிச்செடியைப் புடுங்கணும். காவிரிக் கரை நீர்மருதுல கூடு கட்டற நரை அணிலைப் பத்தி ஒருத்தரும் பேசல. எப்பப் பாரு யானை.

அஞ்செட்டி விவசாயி: அணில் என் கதிரைத் திங்கல தம்பி.

பென்னாகரத்தான்: கதிரைத் தின்னாத்தான் உங்களுக்கு அது உசுரா?

ஓசூர் பறவைப் பிரியன்: உசுரைப் பத்தி அஞ்செட்டிக்காரர் பேசட்டும். மாரண்டஅள்ளி மறந்துடுச்சா? 2023 மார்ச், கள்ள மின்வேலியில மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டிங்க அநாதையாச்சு.

அஞ்செட்டி விவசாயி: ஒருத்தன் செஞ்சான், அவனைப் புடிச்சாச்சு. எங்க எல்லாரையும் கொலைகாரனாக்காதீங்க. போன வருஷமும் இதே மாதிரி பேசிட்டுத்தான் காணாமப் போனீங்க. திட்டம் போடறவங்க கார்த்திகையில, கதிர் முத்தற நேரத்துல எங்க ஊர்ல கூட்டம் வைக்கட்டும். யானைத் தடத்தை நாங்க காட்டறோம். அந்தத் தடத்துல வீடு கட்ட அனுமதி கொடுக்காதீங்கன்னு திட்டத்துல முதல்ல எழுதுங்க.

ஓசூர் பறவைப் பிரியன்: எழுதலாம். அந்தத் தடத்துல ராகியும் கூடாதுன்னு சேர்த்தே எழுதுவேன்.

அஞ்செட்டி விவசாயி: எழுதிப் பாருங்க, கிராம சபையில நானும் இருப்பேன்.