எலும்பைக் கரைக்கும் செல்களை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன?

மூத்தமகள்:
அம்மாவுக்கு 64 வயது. கால் இடறி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து பலமிழக்கும் நோய், என்று வந்தது. வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது என்பதால் ஞாயிறு காலையில் நானும் கூடவே உட்கார்ந்துகொள்கிறேன். "எலும்பைக் கரைக்கிற செல்களை இது அடக்கும்" என்றார் மருத்துவர். சொந்த எலும்பையே உடம்பு ஏன் கரைக்கிறது? அந்தச் செல்களே வேண்டாம் என்று நிறுத்திவிட்டால் நல்லதுதானே?

உடலியல் வாத்தியார்:
பிறவியிலேயே அந்தச் செல்கள் சரியாக வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். பளிங்கு எலும்பு நோய் என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று, கெட்டியாகத் தெரியும். ஆனால் சட்டென்று முறியும். கடுமையான வகையில் ரத்த அணுக்கள் உருவாகும் மஜ்ஜைக்கே இடமில்லாமல் ரத்தசோகை வரும். ஆகவே அடியோடு நிறுத்தக் கூடாதம்மா.

அந்த எலும்பைக் கரைக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். வகுப்பில் நுண்ணோக்கியில் அதைக் காட்டும் நாள் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமான நாள். பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல், தான் தோண்டிய குழியிலேயே உட்கார்ந்திருக்கும். ரத்த வெள்ளணுக்களின் வம்சம் அது. எலும்போடு ஓரத்தை இறுக ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கும். கால்சியம் உப்பு கரைந்து ரத்தத்துக்குப் போகும். மிஞ்சும் கொலாஜன் நாரைக் கேதெப்சின் கே என்ற நொதி அறுத்துவிடும். சில வாரங்களில் குழி தயார். அப்புறம் எலும்பைக் கட்டும் செல்களான ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வரிசைகட்டி வந்து புதிதாகக் கொலாஜனைப் பரப்பும், அதில் தாது படியும். இதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும்.

சிக்கலே இந்த வேக வித்தியாசம்தான். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ஒரே சமயத்தில் நிறைய இடங்களில் குழி விழுகிறது, விழுந்த குழியும் முழுதாக நிரம்புவதில்லை. மாத்திரை எலும்பில் போய்ப் படிந்திருக்கும். அங்கே தோண்ட வரும் செல் அதையும் சேர்த்து விழுங்கிச் செயலிழந்துவிடும்.

ஆறுமாத ஊசி:
என் அக்காவுக்கு மாத்திரை இல்லை, டெனோசுமாப் ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒரு தவணையை விட்டுவிட்டார். சில மாதங்களில் முதுகெலும்பில் இரண்டு முறிவு. தயவுசெய்து யாரும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

உடலியல் வாத்தியார்:
மிக முக்கியமான விஷயம். ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக ரேங்க்-எல் என்ற புரதத்தின் அழைப்பு வேண்டும். அந்த ஊசி அழைப்பைத் தடுக்கிறது, ஆனால் எலும்பில் தங்குவதில்லை. மருந்து தீர்ந்ததும் அடங்கியிருந்த செல்கள் மொத்தமாகக் கிளம்பிவிடும்.

மூத்தமகள்:
புரிகிறது ஐயா. ஆனால் எந்த இடத்தைத் தோண்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்?

உடலியல் வாத்தியார்:
எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட்கள் சொல்லும். எலும்புச் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அவைதான். மெல்லிய கால்களை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நடக்கும்போது விழும் நுண்விரிசல் அந்தக் கால்களை அறுத்தால், அங்கே இருக்கும் செல் சாகும். சுற்றியுள்ளவை ஆள் கூப்பிடும். எலும்பின் மேல் சுமை ஏறுவதையும் அவைதான் உணர்ந்து கட்டச் சொல்கின்றன. அம்மாவின் மணிக்கட்டு கூடியதும், மருத்துவர் சரி என்றால், தினமும் நடக்க அழைத்துப் போங்கள்.

மூத்தமகள்:
நாளையே கேட்கிறேன். நானும் அம்மாவோடு நடக்கிறேன்.