சென்னை - சிங்கப்பூர் - மெல்போர்ன்: இரண்டரை மணி நேரம் போதுமா?

அம்மாவுக்கு 67 வயது, மூட்டு வலி, இதுதான் முதல் விமானப் பயணம். அடுத்த மாதம் தனியாக வருகிறார். அவசரத்தில் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்துவிட்டேன், இப்போது அதுதான் சிக்கல்.

சென்னையில் இரவு 11:15-க்குக் கிளம்பி, சிங்கப்பூர் நேரம் காலை 6:00-க்கு இறங்க வேண்டும். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் கணக்குப்படி 4 மணி 15 நிமிடப் பயணம். ஆனால் தூரம் சுமார் 2,900 கி.மீ.தான் என்பதால் சில தளங்கள் மூணே முக்கால் மணி நேரம் என்கின்றன, ஓடுபாதையில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை போலிருக்கிறது. மெல்போர்ன் விமானம் 8:30-க்கு.

இரண்டு வாரமாக அந்த விமானம் இறங்கும் நேரத்தைப் பார்த்து வருகிறேன், மூன்று நாள் 6:50 தாண்டிவிட்டது. இரண்டு நிறுவனங்களுக்கும் போன் செய்தேன். ஒருவர் சென்னை கவுண்டரில் கேளுங்கள் என்றார், இன்னொருவர் பெட்டியை நேரடியாக மாற்ற முடியாது என்றார். தேதி மாற்ற டிக்கெட் விலையைவிட அதிகம் கேட்கிறார்கள். சக்கர நாற்காலி மட்டும் பதிவு செய்துவிட்டேன்.

இப்படித் தனி டிக்கெட்டில், செக்-இன் பெட்டியோடு, இரண்டரை மணி நேர இடைவெளியில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, பெட்டியை என்ன செய்தீர்கள்?